ஞாயிறு மட்டும் ஓடிய கார்

பழைய கார் விற்கிறவர்கள் சொல்லும் பொய்களில் எனக்குத் தெரியாத பொய் ஒன்று இனிமேல்தான் பிறக்க வேண்டும். டெட்ராய்ட் எட்டு மைல் ரோட்டில் ஒன்பது வருஷம் அதே பொய்களைச் சொல்லித்தான் வயிறு வளர்த்தேன். அதனால் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐரீன் கேட்லிங் எங்கள் ஆபீஸில் உட்கார்ந்து, "அந்தக் காரை ஒரு வயசான விதவையம்மா ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும்தான் ஓட்டினாங்களாம்" என்றபோது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"லோனி!" என்றார் ரெனாட்டா.

"சாரி பாஸ். அந்த விதவையம்மாவை எனக்கு ரொம்ப நாளா பழக்கம். என் கடையில மட்டும் நாலு கார் வெச்சிருந்தாங்க. ஒருநாளும் நேர்ல பார்த்ததில்லை."

ரெனாட்டா ப்ளாஷ்கோ என் முதலாளி. இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து கேஸ்களைத் தோண்டியவர். இப்போது கோனி ஹாட் டாக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டியிருக்கிறார். கீழே வெங்காயம் வதங்கும்போது மேலே வரும் கட்சிக்காரர்கள் கண்கலங்குவார்கள். பாதிப் பேர் உண்மையாகவே அழுகிறார்கள் என்று நினைத்து நான் ஏமாந்திருக்கிறேன். ஐரீன் உண்மையாகவே அழுதார்.

விஷயம் இதுதான். அவர் கணவர் எல்லிஸ் கேட்லிங், எழுபத்து நாலு வயது, கிழக்கு டெட்ராய்ட்டில் ஒரு பாப்டிஸ்ட் சர்ச்சின் டீக்கன். போன நவம்பர் கடைசியில் ஒரு ஹார்வுட் ரீஜென்ட் வாங்கினார். தொண்ணூற்றேழாம் வருஷ மாடல், வெள்ளை, பதினெட்டு அடி நீளம், உள்ளே சோபா மாதிரி சீட். பிப்ரவரியில், தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, ஊரே பலகாரக் கடை வாசலில் பூன்ச்கி என்கிற போலிஷ் ஜாம் பன் வாங்க வரிசையில் நிற்கும் நாளில், அந்தக் கார் வரிசையில் நிற்காமல் நேரே கடைக்குள் போய்விட்டது. மனுஷர் யாருக்கும் அடியில்லை. நாற்பது டஜன் பூன்ச்கிகள் உயிரிழந்தன.

"பிரேக் அப்படியே அடி வரைக்கும் போயிடுச்சுன்னு இவர் சொல்றார். போலீஸ்காரர், பெரியவர் பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலரேட்டரை மிதிச்சுட்டார்னு எழுதிட்டுப் போயிட்டார். காரை மூணாம் நாளே நசுக்கிட்டாங்க. திங்கக்கிழமை காலைல லைசென்ஸ் ஆபீஸ்ல விசாரணை. பறிச்சுடுவாங்க."

"பறிச்சா?" என்றேன், சும்மா இருக்க முடியாமல்.

"எங்க சர்ச்சுல நடக்க முடியாத சகோதரிகள் அஞ்சு பேரு. வாராவாரம் இவர்தான் கூட்டிட்டுப் போறார். டயாலிசிஸுக்கு ஒருத்தர, கண் டாக்டர்கிட்ட ஒருத்தர. லைசென்ஸ் போனா இவர் ஜன்னல்கிட்ட உக்காந்துடுவார் தம்பி. எழுந்திருக்கவே மாட்டார்."

ஐரீன் கைப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு கார் சாவி.

"இது என்னோட சின்னக் காரோட சாவி. அன்னையிலேர்ந்து இது என் பையிலதான் இருக்கு. அவர்கிட்ட குடுக்க பயமா இருக்கு. நான் பயப்படுறேன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு, அதைத்தான் தாங்க முடியல. உண்மையாவே தப்பா மிதிச்சிருந்தா அதையும் சொல்லிடுங்கம்மா. எனக்குத் தெரிஞ்சாகணும்."

"அவர் எங்க?"

"வராந்தால. உள்ள வர மாட்டேங்கறார்."

நான் போய்க் கூட்டி வந்தேன். நெட்டையான கறுப்பு மனிதர். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஒண்ணு சொல்லிடறேன்மா" என்றார் ரெனாட்டாவிடம். "அந்த விதவையம்மா மேல நான் பழி போட மாட்டேன். நல்ல மனுஷி. எனக்கு காபி குடுத்தாங்க. டிஷ்யூ பெட்டிக்கு அவங்க கையால பின்னின உல்லன் சட்டை ஒண்ணு போட்டுக் குடுத்தாங்க."

"எங்க வேலை பாத்தீங்க, டீக்கன்?"

"கார் ஃபேக்டரி. முப்பத்தோரு வருஷம்."

"எந்த செக்‌ஷன்?"

அவர் தொப்பியைச் சுற்றினார். "பிரேக் பைப் மாட்டுறது."

முப்பத்தோரு வருஷம் ஊருக்கெல்லாம் பிரேக் மாட்டின மனுஷனைப் பார்த்து, உனக்கு எது பிரேக் என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். எழுதினவனுக்கு முப்பது வயசுகூட இருக்காது.

"அப்போ வாங்குறப்ப காருக்கு அடியில படுத்துப் பாத்திருப்பீங்களே?" என்றார் ரெனாட்டா.

தொப்பி இன்னொரு சுற்று சுற்றியது.

"எந்தக் காரா இருந்தாலும் முதல்ல கீழ படுத்துடுவார்" என்றார் ஐரீன். "என் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்த வாடகைக் காரையே படுத்துப் பாத்தவர். இதுக்கு மட்டும் பாக்கல. ஏன்னு கேட்டா பேச மாட்டேங்கறார்."

டீக்கன் தரையைப் பார்த்தார். ரெனாட்டா அவரைத் துருவவில்லை. "வாங்கின அன்னைக்கு எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?" என்றார்.

ஐரீனின் போனில் ஒன்று இருந்தது. விதவையம்மா வீட்டுத் திறந்த கராஜ், உள்ளே மூக்கை நுழைத்தபடி வெள்ளை ரீஜென்ட், பக்கத்தில் டீக்கன், நேவி ப்ளூ சூட், முகம் தெரியும் அளவுக்குப் பாலிஷ் போட்ட ஷூ, மாப்பிள்ளைக் களை.

"சூட் ஜோர்" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை. ஆராதனை முடிஞ்சு நேரா அங்க போனோம்."

ரெனாட்டா போனை என் பக்கம் நீட்டினார். "சூட்டை விடு. மேல தொங்குதே, அதைப் பாரு."

கராஜ் கூரையிலிருந்து ஒரு கயிறு, கயிற்று நுனியில் டென்னிஸ் பந்து. இந்த ஊரில் பந்து தொங்காத கராஜே கிடையாது. காரை மெதுவாக உள்ளே விடுவோம், பந்து முன்கண்ணாடியைத் தொட்டதும் நிறுத்துவோம். சுவரும் பிழைக்கும், பம்பரும் பிழைக்கும். ஒரு தடவை காரை வைத்து அளந்து கட்டிவிட்டால் போதும், கார் மாறும்வரை பந்து மாறாது.

இந்தப் பந்து கண்ணாடியைத் தொடவில்லை. பானட்டுக்கு நடுவில் தொங்கியது. ஆனால் பம்பர் ஏற்கெனவே சுவரை முட்டியாயிற்று. டிக்கி இன்னும் கராஜுக்கு வெளியே பனியில் நின்றது.

"பாஸ், இது குட்டிக் காருக்குக் கட்டின பந்து."

"அந்தம்மா என்ன சொல்லி வித்தாங்க, டீக்கன்?"

"வீட்டுக்காரர் புதுசா வாங்கினதாம். இருபது வருஷமா ஒரு ராத்திரிகூட வெளிய நின்னதில்லையாம்."

"கதவே மூட முடியாதே சார்!" என்றேன். "இருபது வருஷமும் பின்பாதிய வெளிய விட்டுட்டு முன்பாதிய மட்டும் கதகதப்பா வெச்சிருந்தாங்களா?"

டீக்கன் போட்டோவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "ஏதாவது காரணம் இருக்கும்" என்றார் கடைசியில். அவர் குரலில் முதல் தடவையாக ஒரு தடுமாற்றம் கேட்டது.

*

சாயங்காலம் நாலு மணிக்கு அந்த வீட்டு வாசலில் இருந்தோம். ஹாம்ட்ராமிக் பக்கம், போலிஷ்காரர்கள் தெரு. மிசஸ் யாட்விகா ரெபெட்ஸ்கியின் வீடு பூட்டியிருந்தது. எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், பெரிய செங்கல் சர்ச். அதன் அடித்தளக் கூடத்திலிருந்து மீன் பொரிக்கும் வாசனை. தவக்கால வெள்ளி அல்லவா, இறைச்சி கூடாது, பேட்டையே அங்கேதான் சாப்பிடும்.

நான் வீட்டு வாசலிலிருந்து சர்ச் வாசல்வரை நடந்து எண்ணினேன். நாற்பத்து மூன்று தப்படி.

"பாஸ், ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் ஓட்டினாங்களாம். கராஜைவிட்டு ரிவர்ஸ் எடுத்தாலே டிக்கி பூசைக்குப் போய்ச் சேர்ந்துடும். இதுல டீக்கன் காரோட பேப்பர்ல நாற்பதாயிரம் மைல்னு இருக்கு. அந்தம்மா எவ்வளவு பக்தியா இருக்கணும்!"

"கத்தாதே. உள்ள வா. நீ கார் வாங்க வந்த ஆளு. நான் உன் அக்கா."

"அத்தைன்னு சொன்னா நம்புவாங்க."

முறைத்தார். உள்ளே போனோம்.

நீள மேஜைகள், காகிதத் தட்டுகள், பொரித்த காட் மீன், முட்டைக்கோஸ் சாலட், வெண்ணெயில் மிதக்கும் பியரோகிக் கொழுக்கட்டை. எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் கரடி மாதிரி ஒருவன் மீன் திருப்பிக்கொண்டிருந்தான். மூலையில் கைவேலை மேஜை. அங்கே ஐந்தடிகூட இல்லாத ஒரு அம்மாள், எழுபத்தொன்பது வயது, ரோஜா நிறக் கார்டிகன், மடியில் உல்லன் பந்து. முன்னால் வரிசையாக டிஷ்யூ பெட்டிச் சட்டைகள்.

நான் ஒன்றைக் கையில் எடுத்தேன். "எங்கம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். அவங்க காருக்கு வைக்கலாம். கார்தான் இன்னும் வாங்கல. பெரிய காரா வேணும்கறாங்க. இப்ப வர்றதெல்லாம் சோப்பு டப்பா மாதிரி இருக்குதாம்."

அந்த அம்மாளின் ஊசி நின்றது. பெருமூச்சு விட்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தப் பெருமூச்சுக்கு நான் ஒன்பது வருஷம் பயிற்சி எடுத்தவன்.

"என்னத்த சொல்றது தம்பி. என் வீட்டுக்காரர் ஒரு ரீஜென்ட் விட்டுட்டுப் போயிருக்கார். ஒயின் கலர். அவர் போனதுக்கப்புறம் அதைத் தொடவே மனசு வரல."

"ஐயோ பாவம். ஓட்டறதே இல்லீங்களா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும். சர்ச்சுக்கு."

நான் அந்த வார்த்தைகளை அவரோடு சேர்ந்தே உதட்டுக்குள் முணுமுணுத்தேன். மீன் தட்டோடு என் பக்கத்தில் நின்ற ரெனாட்டா என் காலை மிதித்தார்.

"நாளைக்கு வந்து பாக்கட்டுமா?"

"நாளைக்கு வேணாம். ஞாயித்துக்கிழமை வாங்க. சர்ச்சுக்குப் போட்டுக்கிட்டுப் போற உடுப்போடயே வாங்க. கடவுள் சன்னதியிலேர்ந்து நேரா வர்றவங்க கையிலதான் குடுக்கணும்னு என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டார்." எண்ணெய்ச் சட்டிப் பக்கம் கை காட்டினார். "என் அக்கா மகன் எமில் அங்க இருப்பான். காரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா."

காரில் ஏறியதும் நான் தீர்ப்பே எழுதிவிட்டேன். "எல்லாம் அந்த எமில் வேலை பாஸ். கார் எங்கேயோ பொறுக்கிட்டு வர்றான். பாவம் சித்தியை முன்னாடி உக்கார வெச்சு விக்கிறான். அந்தம்மாவுக்கு என்ன நடக்குதுன்னே தெரியாது. அந்த முகத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நீ ஒம்போது வருஷம் வித்தியே, ஜனங்க கார் பாக்க என்னைக்கு வருவாங்க?"

"சனிக்கிழமை. ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கம் கார் கடை திறக்கவே கூடாதே, சட்டம். ஆ! அதான் ஞாயித்துக்கிழமை வரச் சொல்றாங்க. அன்னைக்குப் போட்டிக்குக் கடையே இல்ல!"

"அது பாதி" என்றார் ரெனாட்டா.

"மீதி?"

"உடுப்பு."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. இந்தப் பழக்கத்துக்காகவே இவரிடமிருந்து நான் வேலையை விட்டுப் போயிருப்பேன், வேறு யாராவது என்னை வேலைக்கு எடுப்பார்களென்றால்.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பனி பாதி உருகி, சாலை உப்போடு சேர்ந்து, தெருவெல்லாம் சாம்பல் நிறச் சேறு. மிசஸ் ரெபெட்ஸ்கியின் கராஜ் திறந்திருந்தது. ஒயின் கலர் ரீஜென்ட் மூக்கை உள்ளே விட்டுக்கொண்டு நின்றது. பின்பாதி வழக்கம்போல வெளியே. பந்து வழக்கம்போல பானட்டுக்கு மேல். பின்கண்ணாடி ஓரம் டிஷ்யூ பெட்டி, அதற்கு உல்லன் சட்டை.

எமில் ஒரு மண்வெட்டியோடு நின்றான். சித்தி காபித் தட்டோடு வந்தார். எங்களுக்குப் பின்னால் ஐரீனும் டீக்கனும் இறங்கி வருவதைப் பார்த்ததும் தட்டு ஒரு கணம் ஆடியது. ஒரே ஒரு கணம்தான். அடுத்த கணம் அந்த முகத்தில் இரக்கம் வழிந்தது.

"டீக்கன்! நம்ம கார் அப்படி ஆயிடுச்சாமே, கேள்விப்பட்டு அழுதுட்டேன். என்ன பண்றது. வயசாயிட்டா கால் நம்ம பேச்சைக் கேக்காது."

டீக்கனின் முகம் சுருங்கியது. நேவி ப்ளூ சூட், அதே பாலிஷ் ஷூ. ரெனாட்டா ஐரீனிடம் என்ன சொல்லிக் கூட்டி வரச் சொன்னாரோ தெரியாது, மனுஷர் சர்ச்சிலிருந்து நேரே வந்திருந்தார். ஐரீனின் கை தன் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட மொத்தம் எத்தனை கார் இருந்துச்சும்மா?" என்றார் ரெனாட்டா.

"ரெண்டு."

"டீக்கன்கிட்ட வித்தது அவரோட ஒரே கார்னு சொன்னீங்களாம்."

"துக்கத்துல என்ன சொன்னேனோ."

"ரெண்டும் இந்தக் கராஜ்லதான் நின்னுச்சா?"

"ஆமா."

"எப்படிம்மா?" என்றேன். "ஒண்ணே முழுசா நுழையல. கட்டில்ல கால் நீட்டின மாதிரி வெளிய நீட்டிட்டு நிக்குது. ஆள் வெச்சு விசாரிக்கவே வேணாம், இந்தப் பந்தே சாட்சி சொல்லுது."

மிசஸ் ரெபெட்ஸ்கி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். டீக்கனைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"சந்தேகமா இருந்தா கீழ படுத்துப் பாருங்க டீக்கன். தாராளமா பாருங்க. ஒரு விதவையோட வார்த்தை போதாதுன்னு உங்களுக்குத் தோணினா, நான் என்ன சொல்ல முடியும்?"

டீக்கனின் கை தானாகக் கோட்டுப் பொத்தானுக்குப் போயிற்று. ஆனால் கழற்றவில்லை, போட்டார். ஒரு அடி பின்னால் வைத்தார்.

"நவம்பர்லயும் இதையேதான் சொன்னாங்களா?" ரெனாட்டா மெதுவாகக் கேட்டார்.

"ஆமா." சேற்றைப் பார்த்தபடி சொன்னார். "வார்த்தை மாறாம."

"அன்னைக்கும் இதே சூட். அன்னைக்கும் தரையில இதே சேறு."

"ஆமா."

"அதான் லோனி, மீதிப் பாதி" என்றார் ரெனாட்டா. "அழுக்கு டிரஸ்ல வர்றவன் படுத்துப் பாத்துடுவான். நீ வித்தப்ப எத்தனை பேரு படுத்தாங்க?"

"ரெண்டுல ஒருத்தன்."

"இங்க ஒருத்தரும் படுக்கல. இருக்கறதுலயே நல்ல உடுப்பு போட்டுக்கிட்டு, இப்பத்தான் பிரார்த்தனை பண்ணிட்டு, ஒரு விதவையம்மா வீட்டு வாசல்ல நிக்கிற மனுஷன் எப்படிச் சேத்துல விழுந்து, 'உன் பேச்சை நம்பல'ன்னு சொல்லுவான்? தெரியாதவனை ஏமாத்த இவங்களுக்குப் புத்தி வேணாம். முப்பத்தோரு வருஷம் தொழில் தெரிஞ்ச ஆளைக் காலைக் கட்டி நிறுத்தறதுக்குத்தான் வேணும். கட்டின கயிறு இந்தச் சூட்டு."

டீக்கன் அசையாமல் நின்றார். அவர் ஏன் பேசாமல் இருந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனுஷருக்கு மூன்று வாரமாக அது தெரியும். படுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று தெரியும். சூட் அழுக்காகுமே என்று பிரேக்கைப் பார்க்காமல் விட்டேன் என்று பெண்டாட்டியிடம் எந்த வாயால் சொல்வார்?

ஐரீன் அவர் பக்கத்தில் போனார். தொப்பியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"படுங்க எல்லிஸ். நான் துவைச்சுக்கறேன்."

எழுபத்து நாலு வயது மனுஷர், நேவி ப்ளூ சூட்டோடு, சாம்பல் சேற்றில் முட்டி போட்டு, பக்கவாட்டில் சாய்ந்து, மல்லாந்து, காருக்கடியில் நகர்ந்து போனார். வெளியே இரண்டு பாலிஷ் ஷூ மட்டும் தெரிந்தது. நான் டார்ச்சை நீட்டினேன். வீட்டுச் சாவியால் எதையோ சுரண்டும் சத்தம். துருவை மறைக்க அடித்த கறுப்புப் பெயிண்ட் செதில் செதிலாகச் சேற்றில் விழுந்தது.

அப்புறம் ஒரு குரல் வந்தது. அந்தக் குரல் டீக்கனுடையதே இல்லை. ஃபேக்டரி லைனில் நாற்பது பேரை மேய்த்தவனுடைய குரல்.

"இதை மாட்டினவன் யாருடா?"

எமிலின் காது சிவந்தது.

"உப்புல தின்னுபோன பைப்பை நடுவுல வெட்டிட்டு, ஒரு செம்புக் குழாயைச் சொருகியிருக்கான்! பிரிட்ஜுக்குள்ள ஐஸ் தண்ணி போற குழாய்! ஜாயிண்டுக்குக் குழாய் வாயை விரிச்சிருக்கற லட்சணத்தைப் பாரு. எங்க லைன்ல ஒரு சின்னப் பையன் இப்படிப் பண்ணினா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

"நல்லாத்தான் விரிச்சிருக்கு" என்றான் எமில்.

"எமில், உள்ள போ" என்றார் சித்தி.

"நல்லாவா?" ஷூ இரண்டும் துடித்தன. "இது விரிச்சதா, பல்லால கடிச்சதா? இது ஒரு மாசம் தாங்காது தம்பி. நாலு வாரம். எழுதிக் குடுக்கறேன்."

"ஒரு மாசமா?" எமில் மண்வெட்டியைக் கீழே போட்டான். "உங்களுதுலயும் இதே வேலைதான் பண்ணினேன். மூணு மாசம் தாங்குச்சுல்ல!"

நவம்பர் கடைசியிலிருந்து பூன்ச்கிச் செவ்வாய் வரை நான் விரலில் எண்ணிப் பார்த்தேன். பையன் பொய் சொல்லவில்லை.

"இன்னொரு தடவை சொல்றியாப்பா?" என்றார் ரெனாட்டா, கைப்பையிலிருந்து ரெக்கார்ட் ஆகிக்கொண்டிருந்த போனை வெளியே எடுத்து. "தேவையில்ல, விடு. நல்லாவே விழுந்திருக்கு."

நான் மிசஸ் ரெபெட்ஸ்கியைப் பார்த்தேன். பாவம், அக்கா மகன் செய்த அநியாயத்தைக் கேட்டு மயங்கி விழுவார், தாங்கிப் பிடிக்கலாம் என்று கையைக்கூட நீட்டினேன். அவர் காபித் தட்டை டிக்கி மேல் டொக்கென்று வைத்தார். எட்டி, அந்தக் கரடியின் பிடரியில் ஓங்கி ஒன்று விட்டார்.

"மடையா! பதினோரு காரு! பதினோரு காரும் வாயைத் திறக்காம போச்சு. பைப் மாட்டுறது மட்டும்தான் உன் வேலை, பேசறது என் வேலைன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

நீட்டிய கையை நான் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஒன்பது வருஷ அனுபவம். அந்த முகத்தைப் பார்த்து நானே அவரிடம் கார் வாங்கியிருப்பேன்.

அந்த அம்மாளுக்கு வெட்கம் துளிகூட இல்லை. ரெனாட்டாவிடம் திரும்பினார். "நான் யாரையாவது கட்டிப் போட்டேனா? கண்ணைப் பொத்தினேனா? படுத்துப் பாருங்கன்னு பதினோரு பேர்கிட்டயும் சொன்னேன். பாக்காம போனா அது என் குத்தமா?"

டீக்கன் வெளியே வந்தார். எழுந்திருக்க நான் கை கொடுத்தேன். முதுகு முழுக்கச் சேறு, தோளில் கறுப்புப் பெயிண்ட், முழங்கையில் கிழிசல். அந்தச் சூட்டை இனி யாரும் எதற்கும் போட முடியாது.

"சொன்னீங்கம்மா, வாஸ்தவம்" என்றார். "நான் சூட்டைப் பாத்தேன். அது என் தப்பு. மிச்ச பத்துப் பேர் எங்க இருக்காங்கன்னு இந்த மேடத்துக்கிட்ட சொல்லிடுங்க. அவங்க பைப்பும் மூணு மாசம்தான்."

அதைக் கேட்டு முதல் தடவையாக அந்த அம்மாள் வாயை மூடினார். எதிரே சர்ச் படிகளில் பூசை முடிந்து நின்ற கூட்டம் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கைவேலை மேஜை காலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ரெனாட்டா போலீஸுக்குப் போன் போட்டார். திங்கட்கிழமை விசாரணைக்கு எமிலின் குரலும், அந்தப் பைப்பும், பந்து தொங்கும் போட்டோவும் போதும். முக்கால் மணி நேரம் கழித்து, ஒயின் கலர் காரை இழுத்துப் போனார்கள். சித்தியும் எமிலும் போலீஸ் காரின் பின்சீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனார்கள்.

டீக்கன் ஐரீனின் சின்னக் கார் பக்கம் போய், மூன்று வாரப் பழக்கத்தில், பெண்டாட்டி ஓட்டும்போது தான் உட்காரும் பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்தார்.

"எல்லிஸ்."

திரும்பினார். ஐரீன் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டிக்கொண்டு நின்றார்.

"உங்களை நம்பாம இருந்துட்டேன்" என்றார். அழுகையை அடக்கவில்லை. "மூணு வாரம்."

டீக்கன் சாவியைப் பார்த்தார். தன் முதுகைத் தடவிப் பார்த்தார். "சீட்டெல்லாம் சேறாயிடும், ஐரீன்."

"சீட்டு கிடக்குது. ஏறுங்க."

எங்கள் காரை எமில் கார் வழி மறித்திருந்ததால் நானும் பாஸும் அவர்களோடு பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம். நெட்டை மனுஷர் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க, கண்ணாடியைச் சரி செய்து, பெல்ட் போட்டு, காரை எடுத்தார்.

தெருமுனையில் ஸ்டாப் போர்டு. இந்த ஊரில் அந்த இடத்தில் யாரும் முழுசாக நிற்பதில்லை, லேசாக உருட்டிக்கொண்டே போய்விடுவோம். ஐரீனின் கை டேஷ்போர்டைப் பிடிக்கப் போய், பாதியில் நின்று, மடியில் இறங்கியது.

டீக்கன் பிரேக்கை மிதித்தார். கார் நின்றது.